தொட்டியில் தண்ணி காட்டியது

செடி எங்கள் கைக்கு வந்த அன்று மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஹவுஸ் ஓனர், அவர் மனைவி, என் அம்மா, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா பேரையூரில் எங்கள் இரண்டு மாடுகளோடு இருந்தார். தங்கை கல்லூரியில் செமஸ்டர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு நடந்த எதற்கும் தான் பொறுப்பில்லை என்று அவள் இன்றுவரை சொல்லிவருவதற்கு அந்தத் தேர்வுதான் ஆதாரம். அப்பாவும் அப்படிச் சொல்லிப் பார்த்தார். அவர் விஷயத்தில் அது எடுபடவில்லை.

மதுரை செல்லூரில் அந்த மாடி வீடு எங்களுக்குக் கிடைத்ததே ஒரு பெரிய காரியம். அதற்கு முன் பதினோரு வீடுகள் பார்த்திருந்தோம். எல்லா வீட்டிலும் கேள்விகள் ஒரே வரிசையில் வந்தன. எத்தனை பேர், என்ன வேலை, சொந்த ஊர் எது. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார்கள். பிறகு, மகன் வெளிநாட்டிலிருந்து வரப்போவதாக ஞாபகம் வந்துவிடும். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற இந்த ஓனர் மட்டும் மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு நான்காவதாக, "ஒழுங்கா ஒண்ணாந்தேதி வாடக வந்துருமா தம்பி?" என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டார்.

எனக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் செய்ய வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்; என் தங்கை இரண்டாவது. அவளுடைய கல்லூரி அந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இன்னும் ஒரு வருடம் பாக்கி. அந்த ஒரு வருடம்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரச்சினை. அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "டவுன்ல வீடு இருக்குற வரைக்கும் படிக்கட்டும். வீடு இல்லேன்னா ஊருக்கு வந்துறணும். ஆஸ்டலு கீஸ்டலுன்னு எங்கிட்ட வரப்படாது." ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதும் முடிவாகியிருந்தது. திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை ஏற்கெனவே இரண்டு தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார். அதாவது, ஜூன் மாதம் முடியும் அந்த அக்ரிமென்ட் புதுப்பிக்கப்பட்டால் என் தங்கைக்கு டிகிரி. இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடை.

மார்ச் மாதம் ஓனரம்மா செடியோடு மாடியேறி வந்தார். பெங்களூரில் மகளுக்குப் பிரசவம், போனால் மூன்று மாதம் ஆகும், கீழ் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம் என்றார். ஓனர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு செடியைத் தூக்கிவந்தார். தேங்காய் நார் சுற்றிய கம்பைப் பிடித்து என் நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்த மணி பிளான்ட். ஆனால் டீக்கடை கல்லாவுக்கு மேலே பாட்டிலில் தொங்குகிற மணி பிளான்ட் இல்லை. ஒவ்வோர் இலையிலும் சுண்ணாம்பைத் தெளித்ததுபோல வெள்ளை. சில இலைகளில் பாதி பச்சை, பாதி வெள்ளை. ஒன்றிரண்டு இலைகள் முழு வெள்ளை.

செடி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் சட்டியில் இருந்தது. அந்தச் சட்டி ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. பீங்கான் அழகுக்கு.

"இது எம் மக குடுத்தது. புள்ள மாதிரி வச்சிருக்கேன்," என்றார் ஓனரம்மா. "வெயில்ல வைக்காதீங்க. மண்ணத் தொட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் தொட்டியில கொஞ்சமா தண்ணி காட்டுங்க. போதும்."

"நான் பாத்துக்கிறேன் மேடம்," என்றேன்.

"நாங்க பாக்க மாட்டமாக்கா?" என்றாள் அம்மா. "வாயில்லா சீவன வளத்தவகதான நாங்க."

நான் மெதுவாக ஓனரிடம், "சார், அக்ரிமென்ட் ஜூன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வந்து பேசிக்கலாம் தம்பி," என்றார் அவர், செடியைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பார்வையை நான் என் மனதுக்குள் டைப் செய்து வைத்துக்கொண்டேன். செடி இருந்தால் வீடு இருக்கும். அதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படித்தவன் செய்ய வேண்டியதை அன்று இரவே செய்தேன். யூடியூபில் ஏழு வீடியோ பார்த்தேன். குறிப்பெடுத்தேன். ஒரு வெள்ளைத்தாளில், பெரிய எழுத்தில், "மேல் மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர் ஊற்றவும்" என்று எழுதிச் செடிக்கு மேலே சுவரில் ஒட்டினேன். "மட்டுமே" என்பதை அடிக்கோடிட்டேன். வீட்டில் பகல் முழுக்க இருக்கிற ஒரே ஆள் அம்மா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம். இருந்தும் தாளை நேராக ஒட்டுவதில்தான் கவனமாக இருந்தேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு விரலை மண்ணில் விடுவேன். முதல் நாள் ஈரம். இரண்டாம் நாள் ஈரம். ஐந்தாம் நாளும் ஈரம். பத்து நாள் ஆகியும் நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. மண் ஈரமாகவே இருந்தது. பங்குனி வெயிலில் வைகையே காய்ந்து கிடக்கும்போது இந்தச் செடி மட்டும் தண்ணீரே கேட்காமல் நின்றது. வெள்ளை இலைச் செடிகள் ஈரத்தைச் சேமிக்கும் போலிருக்கிறது என்று நானே ஒரு விஞ்ஞானத்தை உண்டாக்கிக்கொண்டேன். அதைச் சென்டரில் கூட வேலைபார்ப்பவரிடம் விளக்கிச் சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறுதோறும் ஓனரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவும் அறிக்கையும் அனுப்புவேன். கை பழகிய நடை அப்படியே வந்தது. "மண்: ஈரமாக உள்ளது. இலைகள்: இயல்பு. கொடி: இயல்பு. தண்ணீர் தேவைப்படவில்லை. மற்றபடி குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை." அவர் கைகூப்புகிற பொம்மை அனுப்புவார்.

மூன்றாவது வாரம் காலையில் இலை நுனிகளில் சொட்டுச் சொட்டாக நீர் நின்றது. அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"பாரேன், வேர்க்குது அதுக்கு," என்றாள். "என்னா புழுக்கம்."

"வேர்வை இல்லம்மா. செடி ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்," என்றேன். அறிக்கையிலும் ஒரு வரி சேர்த்தேன்: "இலை நுனியில் நீர்த்துளிகள்: நல்ல அறிகுறி." பொம்மை இரண்டாக வந்தது.

அடுத்த வாரம் அடி இலை ஒன்று மஞ்சளானது. பிறகு அதற்கு மேலே இரண்டு. வெள்ளைப் பகுதியில் காபி சிந்தியதுபோல பழுப்புக் கறை விழுந்தது. விரலை விட்டால் மண் ஈரம்தான். ஆனால் விரலை முகர்ந்தால் சாக்கடை வாசம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வாரம் போட்டோவை மேல் பாதி மட்டும் தெரியும்படி வெட்டி அனுப்பினேன். "ஒப்பிடுகையில் பெரிய மாற்றமில்லை" என்று எழுதினேன். எதோடு ஒப்பிடுகையில் என்று அவர் கேட்கவில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் சென்டரில் மெஷின் பழுதாகி எனக்கு லீவு. பதினோரு மணிக்கு, கையில் டார்ச்சோடு கொசுப்புழு பார்க்கிற அக்கா மாடியேறி வந்தார். மாநகராட்சி அட்டை கழுத்தில் தொங்கியது. பாத்ரூம் வாளி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாம் பார்த்துவிட்டுச் செடியிடம் வந்தார். கறுப்புச் சட்டியைக் கம்போடு சேர்த்து மேலே தூக்கினார். பீங்கான் தொட்டிக்குள் டார்ச் அடித்தார்.

"தம்பி, இங்க வாங்க."

போனேன். சட்டியைத் தூக்கிய பிறகும், நான் ஒருநாளும் எட்டிப் பார்க்காத அந்தத் தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீருக்குள் நூற்றுக்கணக்கில் புழுக்கள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன.

"கொசுக்கு வீடு கட்டிக் குடுத்துருக்கீங்க. வாடக எம்புட்டு வாங்குறீங்க?" என்று கேட்டார் அந்த அக்கா.

"நான் தண்ணியே ஊத்தலக்கா. ஒரு மாசமா ஒரு சொட்டு..."

"அப்ப வானத்துலேர்ந்து எறங்குச்சா? மதுரைக்கு மழ பேஞ்சு எம்புட்டு நாளாச்சு?"

சரியாக அந்த நேரத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு செம்பு தண்ணீரோடு வந்தாள். அவள் தண்ணி காட்டுகிற நேரம் அது.

நான் செம்பைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். "என்னடா? தெனமும் நாந்தேன் காட்டுறேன். நீ வேலைக்குப் போயிர்ற. பட்டினியா கெடக்கவா?"

"யாரு ஊத்தச் சொன்னா?"

"ஊத்தல. காட்டுறேன். அந்தக்கா என்ன சொல்லிட்டுப் போச்சு? தொட்டியில தண்ணி காட்டுங்கன்னுச்சா இல்லையா? நீயுந்தான கூட நின்ன?"

நின்றேன். அந்தச் சொற்களை நானும் கேட்டேன். ஓனரம்மா சொன்னது லேசாகத் தண்ணீர் விடுங்கள் என்று. ஆனால் அம்மாவின் வாழ்க்கையில் தொட்டி என்றால் மாட்டுத்தொட்டி. தண்ணி காட்டுவது என்றால் தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துவிட்டு, மாடு தன் போக்கில் குடித்துத் தலையை எடுக்கும்வரை நிற்பது. அங்கே கொஞ்சமாகக் காட்டுவது என்று ஒன்று கிடையாது. அரைத்தொட்டி தண்ணீர் வைக்கிறவளை ஊரில் வேறு மாதிரிப் பேசுவார்கள்.

"கொஞ்சமான்னு சொன்னாங்கம்மா."

"அது மரியாதைக்குச் சொல்றது. விருந்தாளி வீட்டுல கொஞ்சமா வைங்கன்னா கொஞ்சமாவா வைப்பாக?"

"நெறஞ்சு நின்னா செடி அழுகிப்போகும்மா."

"எந்தச் சீவனும் வேண்டிய மட்டுந்தான் குடிக்கும். மிச்சத்த விட்ரும். தெனமும் பாக்குறேன்ல, ரெண்டு வெரக்கட தண்ணி கொறஞ்சிருக்கும். குடிச்சிருக்குன்னுதான அர்த்தம்?"

வெயில் குடித்த தண்ணீர் அது. அந்த ஈரத்தில்தான் நான் தினமும் காலையில் விரலை விட்டு விஞ்ஞானம் செய்துகொண்டிருந்தேன்.

"இந்தா இம்புட்டுப் பெருசா ஒட்டி வச்சிருக்கேன்ல," என்று சுவரைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா தாளை நிமிர்ந்து பார்த்தாள். "அது ஓனரு பேரு எழுதி வச்சிருக்கன்னுல நெனச்சேன்," என்றாள்.

டார்ச் அக்கா தண்ணீரை மாடியிலிருந்து கீழே மண்தரையில் கவிழ்த்தார். "அடுத்த தடவ வரும்போது இருந்துச்சுன்னா அபராதம் போட்ருவாங்க, பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அம்மாவிடம் மட்டும், "வாரேங்க்கா," என்றார்.

அன்று மாலையே ஓர் இலையையும் ஒரு பிடி மண்ணையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு திருமங்கலம் போகிற ரோட்டில் இருக்கும் நர்சரிக்குப் போனேன். சென்டரோடு சேர்ந்த லேப்பில் ரத்தம், சிறுநீர் மாதிரிகளைப் பார்த்துப் பழகியவனுக்கு அது இயல்பாகத்தான் இருந்தது. நர்சரிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மண்ணை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அண்ணே, இது மண்ணு இல்ல, ரசம். என்னண்ணே பண்ணீங்க?"

நடந்ததைச் சொன்னேன். தொட்டி, செம்பு, மாடு, எல்லாம்.

அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "செடிக்குத் தண்ணி காட்டச் சொன்னா, செடி உங்களுக்குத் தண்ணி காட்டிருச்சுண்ணே."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, யூடியூபில் ஏழு பேர் சொல்லாததைச் சொன்னார். பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டை கிடையாது. அதனால் அதற்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கிற சட்டியை வெளியே எடுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டும். அடி ஓட்டை வழியாக வழிகிற வரை ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் வடியவிட்டு, சொட்டு நின்ற பிறகுதான் பீங்கானுக்குள் வைக்க வேண்டும்.

"அப்புறம் எப்ப ஊத்தறதுன்னு வெரல மட்டும் நம்பாதீங்க. சட்டியத் தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா விட்ருங்க. லேசா இருந்தா ஊத்துங்க. தூக்கத் தெரிஞ்சா போதும்ணே, இதுக்குப் படிப்பெல்லாம் வேணாம்."

"வெயில் காலத்துல நெறைய குடிக்காதா?"

"பச்சையா இருக்குறது குடிக்கும். இது வெள்ளண்ணே. வெள்ள எடத்துல பச்சையம் இல்ல. அது சமைக்காது. மத்தது சமைக்கிறதத் தின்னுட்டு நிக்கும். வேல கம்மி, தண்ணியும் கம்மி."

"பின்ன எதுக்கு இத வளக்குறாங்க?"

"அதுக்குத்தான்ணே வெல. வேல செய்யாத எலைக்குத்தான் காசு." தூரத்தில் இருந்த ஒரு செடியைக் காட்டினார். ஓனரம்மாவின் செடிக்கு அக்கா தங்கை போல இருந்தது. "அது ஆயிரத்தி எண்ணூறு. இந்தப் பக்கம் இருக்குற முழுப்பச்ச எம்பது ரூவா."

அந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "எங்கயும் அப்படித்தான," என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கடைந்தாள்.

நர்சரிக்காரர் கொடுத்த மண் கலவையும் மருந்துப்பொடியும் நூற்று நாற்பது ரூபாய். வீட்டுக்கு வந்து செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் ஊறிப்போன நூடுல்ஸ் போல இருந்தன. இழுத்தால் தோல் கையோடு வந்தது. அவர் சொன்னபடி, கெட்டியாக இருந்த கணுக்களாகப் பார்த்து நான்கு துண்டுகள் வெட்டினேன். நான்கையும் ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைத்தேன். மூன்று துண்டுகளில் நல்ல வெள்ளை இருந்தது. ஒன்றில் மட்டும் கிட்டத்தட்ட முழுப்பச்சை. அதைச் சும்மா சேர்த்துக்கொண்டேன். அழுகிய வேருக்கு வாங்கிய மருந்துப்பொடிக்கு வேர் இல்லாமல் போயிற்று.

ஓனரம்மாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வாரம் எடுத்த போட்டோவையே மறுபடி அனுப்பினேன். "நிலையாக உள்ளது" என்று எழுதினேன். பதிலுக்கு, பிறந்த பேத்தியின் போட்டோ வந்தது. "உங்க புண்ணியத்துல செடியப் பத்தின கவலையே இல்ல தம்பி" என்று எழுதியிருந்தார். என் தங்கை அதை எட்டிப் படித்துவிட்டு, "அண்ணே, ஹார்டுவேர் கடையில ஆணி கிலோ எம்புட்டுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சிக்கிறவா?" என்று கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பதினைந்து நாளில் பாட்டிலில் வேர் வெள்ளை நூலாக எட்டிப் பார்த்தது. நான்கிலும். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நர்சரிக்காரருக்குப் போட்டோ அனுப்பினேன். "பொழச்சுக்கிரும்ணே, ஜூனுக்குள்ள புது எல விடும்" என்றார்.

அப்போது அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அப்பா ஊரிலிருந்து வந்தார். மாடுகளைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு நாள் தங்கினார். கூட்டத்தில் நின்று கால் வலி என்று அப்பா முதல் ஆளாக வீட்டுக்குத் திரும்பிவிட்டார். நானும் அம்மாவும் தங்கையும் வந்து சேர்ந்தபோது அடுப்படியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நல்லவேள நான் வந்தேன்," என்றார். "என்னடா வளக்குறீக? மூணுலயும் தேமலு. அப்பிப் பிடிச்சிருக்கு."

"என்ன தேமலு?"

"வெள்ள வெள்ளையா எலையில. போன வருசத்துக்கு முந்தின வருசம் நம்ம உளுந்துல வந்துச்சே, அது மஞ்ச. இது வெள்ள. முத்தின கேசு. எல்லாத்தையும் கிள்ளித் தூரப் போயி எரிச்சிட்டேன். இல்லேன்னா இந்தப் பச்சைக்கும் பரவியிருக்கும். அது ஒண்ணுதான் நல்ல செடி."

பாட்டிலில் மூன்று மொட்டைக் காம்புகளும் ஓர் எண்பது ரூபாய்ப் பச்சைக்கொடியும் நின்றன.

அப்பா செய்ததில் தப்பே கிடையாது. தேமல் விழுந்த செடியைப் பிடுங்கி எரித்தால்தான் மிச்ச வயல் பிழைக்கும். அந்த வருடம் யோசித்துக்கொண்டே நான்கு நாள் தாமதித்ததில்தான் எங்கள் உளுந்து முழுக்கப் போனது. இந்த முறை அவர் தாமதிக்கவில்லை.

"அது நோய் இல்லப்பா. அதுதான் அழகு. அதுக்குத்தான் ஆயிரத்தி எண்ணூறு ரூவா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

அப்பா என் முகத்தையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "நோய்க்கா?" என்றார்.

தங்கை தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அதே இடத்தில் அழுதாள். அப்பாவுக்கு இரண்டுக்கும் காரணம் தெரியவில்லை. ஹார்டுவேர் மாப்பிள்ளை பற்றி அந்தத் தடவை அவர் பேச்சே எடுக்காமல் மறுநாள் பஸ் ஏறினார்.

மொட்டைக் காம்புகள் ஒரு வாரத்தில் கறுத்தன. ஜூன் முதல் வாரம் ஓனர் வருகிறோம் என்று போன் செய்தார். நான் நர்சரிக்குப் போய் அந்த அக்கா தங்கைச் செடியை ஆயிரத்து எண்ணூறு கொடுத்து வாங்கினேன். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். ஆட்டோவுக்கு நூற்று எண்பது. வழி நெடுக இலைகளுக்கு நானே சட்டையை விரித்துக் காற்று மறைத்தேன். பீங்கான் தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி அதற்குள் வைத்தேன். உயரம் கூட ஏறக்குறைய அதேதான். அம்மாவிடம், "நீ எதுவும் பேச வேணாம். கேட்டா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு," என்றேன்.

"நல்லாத்தான இருக்கு," என்றாள் அம்மா.

வந்த மறுநாள் இருவரும் மாடிக்கு வந்தார்கள். ஓனரம்மா செடியைச் சுற்றி வந்து பார்த்தார். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "நான் வச்சிருந்ததவிட நல்லா வச்சிருக்கீங்களே," என்றார். எனக்கு மூச்சு வந்தது. அக்ரிமென்ட் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியத்தைத் தயார் செய்தேன்.

அப்போது அவர் கையிலிருந்த பையைப் பிரித்து ஒரு சேலையை எடுத்தார். நல்ல பச்சை. "பெங்களூர்ல எடுத்தேன். நீங்க செடியப் பாத்துக்கிட்டதுக்கு," என்று அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா கையை நீட்டவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"இல்லக்கா. இத நான் வாங்கக்கூடாது. இது அது இல்ல. ஒங்க செடி செத்துப்போச்சு. நாந்தேன் கொன்னுட்டேன்."

நான் சுவரைப் பார்த்தேன். என் தாள் இன்னும் நேராக ஒட்டியிருந்தது.

"இவன் புதுசு வாங்கி வச்சிருக்கான். நல்ல பயதேன், ஆனா பயந்தவன்," என்று அம்மா தொடர்ந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே தெனமும் தொட்டி நெறைய தண்ணி காட்டுனேன். மாட்டுக்குக் காட்டுற மாதிரி. அழுகிருச்சு."

"தொட்டி நெறையவா? நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

"தொட்டியில தண்ணி காட்டுங்கன்னு சொன்னீகளா இல்லையா?"

ஓனர் பின்னாலிருந்து, "சொன்ன. நானே கேட்டேன்," என்றார். சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்தார். அவர் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கியது.

"போட்டோல்லாம் அனுப்புனீங்களே தம்பி, வாராவாரம்?"

"மேல் பாதி மேடம்," என்றேன். "அப்புறம் பழைய போட்டோ."

அம்மா அடுப்படிக்குப் போய் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்தாள். ஒற்றைப் பச்சைக்கொடி. புதிதாக ஓர் இலை விட்டிருந்தது, அதுவும் சுத்தப் பச்சை. "இதுதேன் ஒங்களதுல மிச்சம்," என்றாள். மற்ற மூன்றை அப்பா எரித்ததை அவள் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுவாளோ என்று நான் அவள் காலை மிதிக்கத் தயாராக நின்றேன்.

ஓனரம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சேலையை நாற்காலியில் வைத்தார். "இத நான் எடுத்துக்கிறேன். அந்தப் புதுசு உங்களோடது. அதுக்கு நான் காசு தரமாட்டேன். நீங்களும் கீழ தூக்கிட்டு வரக்கூடாது," என்றார். பாட்டிலோடு படியிறங்கிப் போனார். பீங்கான் தொட்டியைக் கேட்கவும் இல்லை. கோபமா இல்லையா என்று என்னால் ரிப்போர்ட் எழுத முடியவில்லை.

இரண்டு நாள் கீழிருந்து ஒரு சத்தமும் இல்லை. தங்கை இரண்டு ஹாஸ்டல்களுக்குப் போன் செய்து கட்டணம் விசாரித்தாள். விசாரித்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை ஓனர் வந்தார். கையில் பத்திரத்தாள். பதினோரு மாதத்துக்கு டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். தேதியைப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அன்றே அடித்தது.

"சார், செடி விஷயம்..." என்றேன்.

"செடிக்கும் வீட்டுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? அது அவளுக்கும் உங்கம்மாவுக்கும் உள்ளது. ஒண்ணாந்தேதி வாடக வருதுல்ல, எனக்கு அது போதும்." பேனாவை நீட்டினார். "ஆனா மாசம் ஐநூறு கூடப் போட்ருக்கேன். தப்பா நெனைக்காதீங்க. மாடிக்கு மோட்டார் ரெண்டு வேள ஓடுது. தண்ணிச் செலவு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐநூறா? எம்புட்டுத் தண்ணிதான் குடிச்சிட்டோம்?" என்றாள். ஓனர் செடியைப் பார்த்தார். நான் அவசரமாகக் கையெழுத்துப் போட்டேன்.

தங்கை கடைசி வருடத்தை அந்த வீட்டிலிருந்தே நடந்துபோய் முடித்தாள். சேலையை அம்மா ஒரு மாதம் நாற்காலியிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு கட்டினாள். செடி ஆயிரத்து எண்ணூறு, ஆட்டோ நூற்று எண்பது, மண்ணும் மருந்தும் நூற்று நாற்பது, தண்ணிச் செலவென்று மாதம் ஐநூறாகப் பதினோரு மாதம். மொத்தம் ஏழாயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்.